கல்லில் ஏறும் பெயர்கள்

ஹோல்ஸ்பாக், அல்சாஸ்
9 பிப்ரவரி 1950

அன்புள்ள லேனாவுக்கு,

நான்கு வருடமாக உனக்கு நான் ஒரு வரி எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. நம்மை ஒரே வீட்டுக்கு மருமகள்களாகக் கொண்டுவந்த அண்ணன் தம்பி இரண்டு பேரும் இன்றைக்கு இல்லை, மாமனாரும் இல்லை. இனிமேலும் யார் முதலில் பேசுவது என்று வீம்பு பிடித்து என்ன ஆகப்போகிறது? மூத்தவள் நான். நானே எழுதுகிறேன்.

உன் மகள் சுசான் நன்றாக இருக்கிறாளா? இங்கே என் பையன் ஹன்ஸ் என் தோளைத் தாண்டிவிட்டான். இருமல் மட்டும் விட்டபாடில்லை. நிலவறைப் புழுதியை அன்று விழுங்கியதிலிருந்து அப்படித்தான். கூரை வேய்ந்தாகிவிட்டது. மேல்மாடி இன்னும் வெறும் பலகைதான்.

விஷயத்துக்கு வருகிறேன். போரில் செத்தவர்களுக்காக ஊரில் கல் வைக்கப் போகிறார்கள், தேவாலயத்துக்கு எதிரில், பழைய லிண்டன் மரம் விழுந்த இடத்தில். சிப்பாய் சிலை கிடையாது. சிப்பாய் என்றால் எந்த நாட்டுச் சட்டை போடுவது என்ற கேள்வி வந்துவிடும். அதனால் முக்காடிட்ட ஒரு தாய் மட்டும். கீழே ‘நம் இறந்தவர்களுக்கு’ என்று இரண்டே சொல். ‘பிரான்சுக்காக’ என்று போட அரசாங்கம் விடாது. ‘ஜெர்மனிக்காக’ என்று போட்டால் நாங்களே சம்மட்டி எடுத்து உடைத்துவிடுவோம். சிப்பாய்கள் ஒரு பக்கம். 45 ஜனவரி சண்டையில் நிலவறைகளில் புதைந்துபோன ஊர்க்காரர்கள் மறுபக்கம். என் பிலிப் அந்தப் பக்கம், என் குழந்தை ரோசல் இந்தப் பக்கம், அவளுக்குக் கீழே மாமனார்.

மாவட்ட அலுவலகத்தில் ஓர் அதிகாரி முட்டுக்கட்டை போடுகிறார். “ஜெர்மன் சட்டையில் செத்தவனுக்கு இந்த மண்ணில் கல்லா?” என்று கேட்டாராம். நம் ஆண்கள் விரும்பியா அந்தச் சட்டையைப் போட்டார்கள்? மாநிலத்தையே தன்னுடையது என்று பிடித்துக்கொண்டு, பட்டாளத்துக்கு வராதவன் வீட்டாரை முகாமுக்கு அனுப்புவேன் என்றான் ஜெர்மன்காரன். உனக்குத் தெரியாததா? இல்லை, உனக்குத் தெரியாதுதான். எல்லையோர ஊர் என்று 39இல் எல்லோரையும் ரயிலேற்றித் தொலைவில் லிமூசானுக்கு அனுப்பினார்கள். மறுவருடம் நாங்கள் திரும்பினோம். நீயும் யாகோப்பும் அங்கேயே தங்கிவிட்டீர்கள். தம்பி திரும்பாத வீடு என்று எங்கள் மேல் எப்போதும் ஒரு கண். பிலிப் ஒளிந்துகொள்ளலாம் என்றுதான் இருந்தார். தொட்டிலில் கிடந்த ரோசலை ஒருமுறை பார்த்தார், பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மேயர் ஷெரர் போன ஞாயிறு வந்தார். “ஜெர்மன்காரன் சுட்டுக் கொன்ன நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் பேரும் அதே கல்லுல இருந்தா அவங்களால வாயத் திறக்க முடியாதும்மா. உங்க கொழுந்தன் பேருக்குச் சம்மதம் வாங்கித் தாங்க” என்றார்.

பிலிப்புக்குக் கல்லறை இல்லை, லேனா. ரஷ்யாவில் ஏதோ ஒரு கைதி முகாமில், பனியில். கூட இருந்தவன் சொன்ன வாய்வார்த்தை மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. பூ வைக்க எனக்கு ஓர் இடம் வேண்டும். யாகோப்பின் பெயரைத் தா.

உன் அக்கா,
சலோமே


லா ருவராட், லிமூசான்
3 மார்ச் 1950

சலோமே அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. சுசான் நன்றாக இருக்கிறாள்.

யாகோப்பின் பெயர் ஏற்கெனவே ஒரு கல்லில் இருக்கிறது. அவரைச் சுட்ட ஆலையின் சுவரில், இந்த ஊர்க்காரர்கள் ஆறு பேருடைய பெயர்களோடு. அவரை அவர்கள் தங்களில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டார்கள். என்னைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. ரொட்டி வாங்க வருகிறவர்கள் என் உச்சரிப்பைக் கேட்டால் இப்போதும் ஒரு கணம் நின்றுதான் காசை நீட்டுகிறார்கள். சுட வந்தவர்களில் சிலர் என்னைப் போலவே பேசினார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நான்கு வருடத்துக்கு முன் உங்கள் மேசையில் உட்கார்ந்து, “உங்க புருஷன் எந்தச் சட்டையில செத்தார்னு ஊருக்கே தெரியும்” என்று சொன்னேன். சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அதைச் சொல்ல நான் வந்திருக்கவில்லை. பிலிப் அத்தான் யாருக்காகப் போனார் என்று எனக்குத் தெரியும். எதிரில் உங்கள் பக்கத்து வீட்டு லீசல் ஷ்னெப் உட்கார்ந்து எனக்கு சூப் ஊற்றிக்கொண்டிருந்தார். “என் எர்வின் நார்மண்டி சண்டையில போயிட்டான், லேனா. பதினெட்டு வயசு” என்று அழுதார். அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியவில்லை. நெஞ்சு வரை வந்ததை உங்கள் மேல் கொட்டிவிட்டேன்.

இப்போது சொல்கிறேன். கேட்டுக்கொள்ளுங்கள்.

44 ஜூன். முந்தின நாள் யாரோ ரயில் பாலத்தை வெடி வைத்துத் தகர்த்திருந்தார்கள். யாகோப் அதில் இல்லை. அவர் ரொட்டி அடுப்பைத் தவிர வேறு எதிலும் இல்லை. காலையில் லாரிகள் வந்தன. ஒரு சிப்பாய் எங்கள் வாசலில் வந்து நின்று, “ஆம்பளைங்க எல்லாரும் ஆலைக்கு வரணும், அடையாளச் சீட்டு பார்க்கணும்” என்று பிரெஞ்சில் சொன்னான். பேச்சு பிரெஞ்சு, ராகம் நம் ஊர் ராகம். நிமிர்ந்து பார்த்தேன். எர்வின்.

“டேய் எர்வின், நீயா?” என்று நம் பேச்சிலேயே கேட்டேன். அவன் முகம் வெளுத்தது. யாகோப் அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தார். சிரித்தார், சலோமே. “அட, நம்ம லீசல் மகனா! எவ்வளவு ஒசரம் ஆயிட்டே! அம்மா சௌக்கியமா?” என்றார். கை மாவைத் துடைத்துக்கொண்டு அவன் பின்னாலேயே போனார். கூப்பிடுகிறவன் தெரிந்த பையன் ஆயிற்றே என்று போனார்.

முகம் தெரியாத ஜெர்மன்காரன் வந்திருந்தால் போயிருக்க மாட்டார். பின்கதவைத் திறந்தால் காடு. அதற்கு முன் இரண்டு முறை அப்படித்தான் ஓடியிருக்கிறார்.

கொஞ்ச நேரத்தில் எர்வின் தனியாகத் திரும்பி வந்தான். என்னையும் சுசானையும் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்ப் பன்றிக் கொட்டிலில் போட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டான். பிறகு ஆலைப் பக்கம் சத்தம் கேட்டது.

யாகோப்பின் பெயர் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். எர்வின் ஷ்னெப் பெயர் அதே கல்லில் இருக்கக் கூடாது. இருந்தால் என் சம்மதம் இல்லை.

மக்தலேன் ஹெக்கல்


ஹோல்ஸ்பாக்
16 ஏப்ரல் 1950

லேனா,

மக்தலேன் என்று முழுப் பெயர் போட்டு நீ எழுதிய கடிதத்தை அடுப்படியில் நின்றுகொண்டே படித்தேன். பால் பொங்கி வழிந்து தீயும் வரை தெரியவில்லை. ஆறு வருடம் இதை எப்படி மனதுக்குள் வைத்திருந்தாய்? யாகோப் சிரித்தார் என்று எழுதியிருக்கிறாயே, அந்தச் சிரிப்பை நானும் பார்த்திருக்கிறேன். கல்யாணமாகி வந்த புதிதில் என்னைப் பார்த்து முதலில் சிரித்த முகம் அதுதான். நானும் அழுதேன் என்று எழுதினால் நீ நம்புவாயோ என்னவோ.

ஆனால் நீ கேட்பது என்ன என்று தெரிந்துதான் கேட்கிறாயா?

ஜனவரி சண்டையில் ஊர் அமெரிக்கன் கையில் பாதி, ஜெர்மன் கையில் பாதியாகக் கிடந்தது. எங்கள் நிலவறை மேல் வீடு மொத்தமாக இறங்கியது. யாரும் வெளியே தலை நீட்டவில்லை. லீசல் வந்தாள். ஒற்றை ஆளாக, அடுப்புச் சாம்பல் அள்ளும் தகட்டை வைத்துக்கொண்டு தோண்டினாள். முதலில் ஹன்ஸ் கை கிடைத்தது. இழுத்தாள். அப்புறம் என்னை. ரோசலை எடுக்கும்போது மூச்சு இல்லை. மடியில் போட்டுக்கொண்டு வாயில் ஊதி ஊதிப் பார்த்தாள், பக்கத்துத் தெருவில் குண்டு விழ விழ. இன்றைக்கும் அவளுக்கு இரண்டு விரலில் நகம் கிடையாது.

அவளிடம் போய் உன் மகன் பெயரை எடு என்று நான் எந்த வாயால் சொல்வேன்?

நீயே யோசி. அவன் தானாகச் சேரவில்லை. அவன் வயதுப் பையன்களை மொத்தமாக அள்ளி அந்தக் கறுப்புப் படையில் போட்டார்கள். அவன் சுட்டதை நீ பார்த்தாயா? கொட்டிலில் அடைத்தானே, அதனால்தானே நீயும் குழந்தையும் இன்றைக்கு உயிரோடு இருக்கிறீர்கள்? அதையும் ஒரு பக்கம் வைத்துப் பார், லேனா. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

மேயருக்கு இன்னும் பதில் வரவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சலோமே


லா ருவராட்
2 மே 1950

சலோமே அவர்களுக்கு,

வைத்துப் பார்க்காமலா இருப்பேன்? ஆறு வருடமாகப் பார்க்கிறேன்.

ஆலையை நோக்கி இரண்டு பெண்கள் ஓடினார்கள். ஒருத்தியைச் சுட்டார்கள். நான் வெளியே இருந்திருந்தால் நானும் ஓடியிருப்பேன். ஆகவே அந்தத் தாழ்ப்பாள் எங்களைக் காப்பாற்றியது, சரி. என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்ததால்தான் அவன் திரும்பி வந்து பூட்டினான்.

அப்படியென்றால் வாசலில் நின்றபோது யாகோப்பிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ‘ஓடு.’ நம் பேச்சில். தெருமுனையில் நின்ற அதிகாரி வடக்கு ஜெர்மன்காரன், அவனுக்கு நம் பேச்சு புரியாது. எனக்கும் யாகோப்புக்கும் அவனுக்கும் மட்டும்தான் அந்தத் தெருவிலேயே புரியும். சொல்லவில்லை. யாகோப் அவன் அம்மாவின் சௌக்கியத்தைக் கேட்டுக்கொண்டே நடந்தார்.

லீசல் அம்மாளிடம் எனக்கு ஒரு கோபமும் இல்லை. என் முடிவு மாறாது.

மக்தலேன்


ஹோல்ஸ்பாக்
11 ஜூன் 1950

லேனா,

லீசலுக்குத் தெரிந்துவிட்டது. நான்தான் சொன்னேன். சொல்ல வேண்டும் என்று போகவில்லை.

தோட்டத்தில் கோஸ் நாற்று நட்டுக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். “என்னடி, ரெண்டு மாசமா என் மூஞ்சியப் பார்க்க மாட்டேங்கிறே? வாசல்ல வந்து நின்னா உள்ள போயிடறே. லேனா என்ன எழுதினா?” என்றாள்.

“ஒண்ணும் எழுதலையே” என்றேன்.

“எனக்கு வயசாயிடுச்சுதான், கண்ணு அவிஞ்சு போகல. எர்வினைப் பத்தியா?”

என் கையிலிருந்த நாற்று கீழே விழுந்தது. அதுவே பதில் ஆகிவிட்டது. அவளாகவே பேசினாள். “அவங்க படை அந்தப் பக்கமா நார்மண்டிக்குப் போச்சுன்னு தெரியும். போச்சுன்னு மட்டும்தான் தெரியும். அதுக்கு மேல யாரையும் நான் கேட்டதில்ல. கேட்டா யாராவது சொல்லிடுவாங்களோன்னு கேக்கல. நீ சொல்லு.”

சொன்னேன். யாகோப் சிரித்தது, ஆலை, கொட்டில், எல்லாம். வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் “நாத்து வாடுது, நட்டுடு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை தலையில் வெள்ளைத் துணி கட்டி, ஞாயிற்றுக்கிழமைக் கறுப்பு உடுப்போடு ரயிலடிக்கு நடந்தாள். எங்கே என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. அவளுக்கு பிரெஞ்சு நாலு வார்த்தைதான் தெரியும்.

இந்தக் கடிதம் அவளுக்கு முன்னால் வந்தாலும் சரி, பின்னால் வந்தாலும் சரி. கதவை மட்டும் சாத்திவிடாதே.

சலோமே


லா ருவராட்
19 ஜூன் 1950

அக்கா,

உங்கள் கடிதத்துக்கு முன்பே அவர் வந்துவிட்டார்.

காலைக் கூட்டம். கடையில் ஏழெட்டுப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். கடைசியில் கறுப்பு உடுப்பில் ஓர் அம்மாள், தலை குனிந்தபடி. நம் ஊர்க் கட்டு கட்டிய தலையைப் பார்த்ததும் எனக்குக் கை ஓடவில்லை. அவர் முறை வந்தபோது, பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காத குரலில், “லேனா, நான் லீசல். ஆலை எங்கே இருக்குன்னு காட்டு, போதும்” என்றார்.

பின்னால் மதாம் ஃபார்ஜ் நின்றிருந்தார். அவர் புருஷனும் மகனும் அந்தச் சுவரில்தான் இருக்கிறார்கள். “யாரு இவங்க, மக்தலேன்?” என்று கேட்டார்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அக்கா. அந்தக் கடையிலிருந்து அவர் முழுதாக வெளியே போயிருக்க மாட்டார். அந்த வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. “எங்க பெரியம்மா” என்றேன். மதாம் ஃபார்ஜ் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, இவ்வளவு தூரம் வந்தீர்களே என்றார். லீசல் அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சுவரைப் பூசவில்லை, குண்டுத் துளைகளோடு அப்படியே விட்டிருக்கிறோம். “படிச்சுக் காட்டு” என்றார். ஒவ்வொரு பெயராகப் படித்தேன். அவரும் திருப்பிச் சொன்னார், வாய் வராத பிரெஞ்சுப் பெயர்களையெல்லாம். ஒவ்வொன்றுக்கும் “இவருக்குப் பிள்ளைங்க இருக்கா?” என்று கேட்டார். உண்டு, இல்லை என்று சொன்னேன். யாகோப் பெயர் வந்ததும் திருப்பிச் சொல்லவில்லை.

“அவன் சுட்டானா?”

“பார்க்கல. நான் உள்ள இருந்தேன்.”

“கூட்டிட்டு வந்தது அவன்தானே?”

“அவன்தான்.”

“உன்கிட்ட ஏதாவது சொன்னானா? கொட்டில்ல அடைக்கும்போது?”

“இல்ல” என்றேன்.

அவர் கீழே புல்லில் உட்கார்ந்துவிட்டார். “ஒண்ணும் தெரியாத பையன், லேனா. இடத்தைக் காட்டி நில்லுன்னா நிப்பான், ஓடுன்னா ஓடுவான். ஸ்கூல்லயும் அப்படித்தான். எங்க போறோம், எதுக்குப் போறோம்னு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது அவனுக்கு” என்றார். என்னிடம் சொன்னாரா, சுவரிடம் சொன்னாரா தெரியவில்லை.

சுசான் பள்ளியிலிருந்து வந்தாள். “இவதான் உள்ள இருந்த குழந்தையா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். தொடுவார் என்று நினைத்தேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். கட்டுவதற்கு முன் பார்த்துவிட்டேன், இரண்டு விரலில் நகம் இல்லை. நீங்கள் எழுதியது நினைவுக்கு வந்தது.

சாப்பிடச் சொன்னேன். தண்ணீர் மட்டும் குடித்தார். பஸ் வருவதற்கு முன், “நீ சொல்லு, நான் என்ன செய்யணும்?” என்றார்.

“பேரை எடுக்கணும்” என்றேன்.

“சரி” என்றார். அவ்வளவுதான். பஸ் ஏறிப் போய்விட்டார்.

யாகோப்பின் பெயரைப் போடச் சொல்லுங்கள். என் சம்மதத்தைத் தனியாக மேயருக்கு எழுதிவிட்டேன்.

லேனா


ஹோல்ஸ்பாக்
13 நவம்பர் 1950

அன்புள்ள லேனா,

முந்தாநாள் கல்லைத் திறந்தார்கள். நீ வருவாய் என்று கடைசி ரயில் வரை ஹன்ஸை ரயிலடியில் நிறுத்தி வைத்திருந்தேன். வராததும் சரிதான்.

லீசல் ஊருக்குத் திரும்பிய அன்றே நேராக மேயர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். “என் மகன் பேரு வேணாம். ஏன்னு கேக்காதீங்க” என்றாளாம். ஷெரர் எவ்வளவோ கேட்டுப் பார்த்திருக்கிறார். என்னிடமும் வந்து கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். காரணம் தெரியாவிட்டால் ஊர் சும்மா இருக்குமா? தானே ஒரு காரணம் செய்துகொண்டது. எர்வின் கட்டாயத்தில் போகவில்லை, தானாகவே கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தவன், அதுதான் தாய்க்கு வெட்கம் என்று சந்தையில் பேசுகிறார்கள். யாரோ அவள் வீட்டுக் கேட்டில், ஜெர்மன்காரன் கொடியில் இருந்த அந்த வளைந்த சிலுவையைக் கரியால் வரைந்துவிட்டுப் போனார்கள். நான் போய்த் துடைத்தேன். “விடு, நாளைக்கு மறுபடி வரைவான். எத்தனை தடவை துடைப்பே?” என்றாள்.

முட்டுக்கட்டை போட்ட அந்த அதிகாரியே ரிப்பன் குத்திக்கொண்டு வந்து பேசினார். யாகோப்பின் பெயரை மட்டும் மூன்று முறை சொன்னார். மற்றவர்கள் பெயரைப் பள்ளிப் பிள்ளைகள் படித்தார்கள். பிலிப்பின் பெயர் வந்தபோது ஹன்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டான். ரோசல் பெயரைப் படித்தது ஒரு சின்னப் பெண், அவள் இருந்திருந்தால் இருக்கும் வயது.

லீசல் வந்திருந்தாள். எல்லோருக்கும் பின்னால் நின்றாள். அவளைச் சுற்றி ஜனங்கள் தாமாக ஓர் ஆள் இடம் விட்டு நின்றார்கள். நான் போய் அவள் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். முன்வரிசையில் பெயர் உள்ள குடும்பங்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள், நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகவில்லை.

எல்லாம் முடிந்ததும் தாய்மார்கள் ஒவ்வொருவராகப் போய்த் தங்கள் பிள்ளையின் பெயரைக் கையால் தொட்டுப் பார்த்தார்கள். லீசலும் கல்லுக்கு முன்னால் வந்து நின்றாள். அவளுக்குத் தொட இடம் இல்லை. கொஞ்ச நேரம் கையைத் தூக்கியபடியே நின்றாள். பிறகு இந்தப் பக்கம் வந்து ரோசல் பெயரைத் தொட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

பூ வைக்க எனக்கு இடம் கிடைத்துவிட்டது, லேனா. வைத்தேன். லீசலிடமிருந்து பிடுங்கி எடுத்ததுபோல் இருக்கிறது. இதற்கு உன்னைக் குறை சொல்லவில்லை. யாரைச் சொல்வது என்றும் தெரியவில்லை.

உன் அக்கா,
சலோமே


லா ருவராட்
10 டிசம்பர் 1950

அக்கா,

கரியால் வரைந்தது யார் என்று தெரிந்தால் எழுதுங்கள். நான் மேயருக்கு எழுதுகிறேன். நடக்காததைச் சொல்லி எர்வினைத் திட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நடந்ததற்கு மட்டும்தான் கேட்டேன்.

இன்னொன்று இருக்கிறது. ஆலைச் சுவரடியில் லீசல் அம்மாள், அவன் ஏதாவது சொன்னானா என்று கேட்டபோது இல்லை என்றேன். சொன்னான். கொடுக்க மனம் வரவில்லை. யாகோப்புக்கு ஒரு சொல்கூடக் கொடுக்காதவனின் சொல்லை அவன் அம்மாவுக்கு மட்டும் நான் ஏன் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. நீங்கள் எழுதிய அந்தக் கை, கல்லுக்கு முன்னால் தூக்கியபடியே நின்ற கை, என்னைத் தூங்கவிடவில்லை.

கொட்டிலில் எங்களைத் தள்ளும்போது அவன் அழுதுகொண்டிருந்தான். மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளைபோல. “அக்கா, சத்தம் போடாதீங்க. எல்லாரையும் சுடப் போறாங்க. நீங்க வெளியே வந்தா உங்களையும் சுட்டுடுவாங்க. நான் என்ன செய்வேன், என்ன செய்வேன்” என்று நம் பேச்சில் சொன்னான். சுசான் கையில் தன் ரொட்டித் துண்டை வைத்தான், அழாமல் இருக்க. அப்புறம்தான் தாழ்ப்பாளைப் போட்டான்.

இதை நீங்களே அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். மகன் கல்நெஞ்சுக்காரன் இல்லை என்று அவருக்காவது தெரியட்டும். பெயரை மறுபடி செதுக்க வேண்டும் என்று அவர் கேட்டால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். செதுக்குங்கள் என்று என் வாயால் சொல்லவும் மாட்டேன். இதற்கு மேல் என்னால் முடியவில்லை.

லேனா


ஹோல்ஸ்பாக்
7 ஜனவரி 1951

அன்புள்ள லேனா,

உன் கடிதத்தோடு லீசல் வீட்டுக்குப் போனேன். பண்டிகை கழியட்டும் என்று காத்திருந்து நேற்றுதான் போனேன். புகையிலைக் கொட்டகையில் இருந்தாள். ஈரக் காற்று அடித்து இலை பதமாகியிருந்தது. தரம் பிரித்துக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். இந்த வருடம் அவளுக்குக் கூலிக்கு ஆள் வரவில்லை. நானும் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, லேனா எழுதியிருக்கிறாள், எர்வின் சொன்னதைப் பற்றி என்று சொன்னேன். அவள் கை நின்றது.

படித்தேன். மறுபடி படிக்கச் சொன்னாள். மறுபடியும் படித்தேன். அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. இனி அழுவாள், அழுதால் கொஞ்சம் ஆறும், இதற்காகத்தானே லேனா எழுதினாள் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“சுடப் போறாங்கன்னு சொன்னானா?” என்று கேட்டாள்.

“ஆமா. அப்படித்தான் எழுதியிருக்கா.”

“சுடறதுக்கு முன்னாடியா?”

“முன்னாடிதான்.”

“அழுதுக்கிட்டே சொன்னானா?”

“ஆமா, லீசல். அழுதுக்கிட்டே.”

மடியில் கிடந்த இலையை நீவிக்கொண்டே இருந்தாள். நல்ல இலை, ஓட்டை இல்லாதது. “ஒண்ணும் தெரியாம போய் மாட்டிக்கிட்டான், அவனை மன்னிச்சிடு சாமின்னுதான் தினமும் ஜபம் பண்ணிட்டிருந்தேன். அப்ப அவனுக்குத் தெரிஞ்சிருக்கு.”

பெயரைப் பற்றிக் கேட்டேன். லேனா தடுக்க மாட்டாள், ஷெரரிடம் நான் பேசுகிறேன், கீழே இடம் இருக்கிறது என்றேன். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

“லேனாகிட்ட கோபம் இல்லன்னு எழுது. அவ நல்லதுக்குத்தான் எழுதியிருக்கா” என்றாள்.

அந்த இலையைக் கட்டுக்குள் வைத்து நார் சுற்றி முடிச்சுப் போட்டாள். அடுத்த கட்டுக்கு இலை எடுத்தாள். நானும் எடுத்தேன். கொட்டகையில் வெளிச்சம் போகும் வரை கட்டிக்கொண்டிருந்தோம்.

சலோமே